நிபந்தனையோடு கைக்கு வரும் பணம்: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும், தடுப்பூசி போடும், கர்ப்ப காலப் பரிசோதனைக்குத் தவறாமல் போகும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தவணை தவணையாகத் தரும் பண உதவி பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருந்தன. இந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: ஏழையிடம் காசு இல்லை என்பதுதான் சிக்கல் என்றால் காசைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? பிள்ளை பள்ளிக்குப் போனால்தான் தருவோம் என்று எதற்கு ஒரு கொக்கி?

பணம் செய்யும் வேலை வேறு, கொக்கி செய்யும் வேலை வேறு. பணம் இந்த மாதச் சாப்பாடு, மருந்து, கடன் பாக்கி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. நிபந்தனையின் குறி பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளை சம்பாதிக்கப்போவதன் மேல் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேலைக்குப் போனால் வாரக் கடைசியில் கூலி வரும். பள்ளிக்குப் போனால் பலன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விட்டுப்போகும் அந்தக் கூலியில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டினால் பெற்றோரின் கணக்கு மாறும் என்பதுதான் அடிப்படை யோசனை.

இதைப் பெரிய அளவில் சோதித்துக் காட்டியது மெக்சிகோ. அதிபர் எர்னெஸ்டோ செடியோ காலத்தில், 1997இல், பொருளாதார அறிஞர் சந்தியாகோ லெவி முன்னின்று வடிவமைத்த ‘ப்ரோக்ரெசா’ திட்டம் கிராமங்களில் தொடங்கியது. எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணம் இல்லை. அதையே ஆய்வுக்கு வாய்ப்பாக்கினார்கள். தேர்ந்தெடுத்த 506 ஊர்களில் குலுக்கல் முறையில் 320 ஊர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். மீதி 186 ஊர்களுக்குப் பிறகு கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, ஆறாம் வகுப்பு முடித்தவர்களில் அடுத்த வகுப்பில் சேர்ந்தோர் விகிதம் சுமார் 11 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. பெண் பிள்ளைகளிடம் சுமார் 15, ஆண் பிள்ளைகளிடம் ஆறரை. தொடக்கப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்களோ அங்கே நிபந்தனை வைத்தால் பலன் கிடைக்கும். எல்லோரும் தாண்டிவிட்ட இடத்தில் வைத்தால், எப்படியும் நடக்கப்போவதற்குக் காசு கொடுத்து, அதைச் சரிபார்க்கவும் காசு செலவழித்த கதைதான்.

கேள்வி: கொடுப்பது சொற்பத் தொகை. அதை வைத்து எந்தக் குடும்பம் வறுமைக் கோட்டைத் தாண்டும்?

பெரும்பாலும் தாண்டாது. ஆனாலும் வறுமை குறையும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

வறுமைக் கோடு தலைக்கு மாதம் 100 என்று வையுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 500 வேண்டும். வருமானம் 350. கோட்டை எட்டக் குறைவது 150; அதுதான் பள்ளம். உதவித் தொகை 70 வருகிறது. இப்போது கையில் 420, பள்ளம் 80. கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று தலையெண்ணினால் நேற்றும் ஐந்து, இன்றும் ஐந்து. திட்டம் தோற்றுவிட்டது போலத் தெரியும். பள்ளத்தின் ஆழத்தை அளந்தால் கிட்டத்தட்டப் பாதி தூர்ந்திருக்கிறது. அடிமட்டத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது அளவுதான் உயிர்.

அதனால் ஒரு திட்டத்தின் அறிக்கை கையில் கிடைத்தால் எந்த அளவுகோலை வைத்துப் பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். தலையெண்ணிக்கையை மட்டும் துரத்தும் நிர்வாகம் என்ன செய்யும் தெரியுமா? கோட்டுக்குச் சற்றே கீழே இருப்பவர்களாகப் பார்த்துக் கொடுக்கும். கொஞ்சக் காசில் நிறையப் பேரைக் கோட்டைத் தாண்டவைத்த பெருமை கிடைக்கும். ஆழத்தில் கிடப்பவர் அங்கேயே கிடப்பார்.

கேள்வி: காசு கையில் வந்தால் குடியிலும் புகையிலும்தான் போகும் என்கிறார் என் மாமனார்.

அவரைப் போல நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பதால்தான் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்தே இருந்தது.

கேள்வி: வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட மாட்டார்களா?

ஆறு நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளின் தரவை அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அப்படி எந்தப் போக்கும் தென்படவில்லை. பள்ளம் 150 இருக்கும் வீட்டுக்கு 70 வந்தால் எப்படி உட்கார முடியும்? மெக்சிகோவில் வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கால்நடையிலும் சிறு தொழிலிலும் போட்ட குடும்பங்கள் உண்டு.

கேள்வி: எந்த வகுப்புக்கு எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

தொகையைவிடக் காலமும் வகுப்பும் முக்கியம் என்பதே எங்கள் நிலைப்பாடு. மூன்று விஷயம் சொல்கிறோம்.

ஒன்று, வயதுக்கேற்ற ஏற்றம். பிள்ளை வளர வளர வெளியே கிடைக்கும் கூலியும் கூடும். எல்லா வகுப்புக்கும் ஒரே தொகை வைத்தால், இடைநிற்றல் அதிகமாக இருக்கும் பதின்ம வயதில் அது ஈடுகொடுக்காது. மெக்சிகோ மூன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு தொகையை ஏற்றியது. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நடுநிலை வகுப்புகளில் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார்கள், அவர்கள் படிப்பை நிறுத்துவது அதிகமாக இருந்ததால்.

இரண்டு, ஓர் அளவுக்கு மேல் தொகையைக் கூட்டினால் வருகை கூடாது. கம்போடியாவில் ஆண்டுக்கு 45 டாலர் பெற்ற மாணவர்களையும் 60 டாலர் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் உதவி பெறாதவர்களைவிட நன்றாகவே பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் அந்தக் கூடுதல் 15 டாலரால் வருகை சொல்லும்படி உயரவில்லை. வீட்டு வறுமையைத் தணிக்க 60 நல்லதுதான். பள்ளிக்கு வரவழைக்க 45 போதும். எது நோக்கம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் நிதித் துறையோடு வாதாட முடியாது.

மூன்று, காலம். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஒரு குழுவுக்கு வழக்கம்போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுத் தொகையும் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றில் இரண்டு பங்கை மட்டும் அப்படிக் கொடுத்து, மீதியைச் சேர்த்துவைத்து, அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கையின்போது மொத்தமாகத் தந்தார்கள். அன்றாட வருகையில் இரண்டாவது குழு பின்தங்கவில்லை. மறு ஆண்டு சேர்க்கையில் முந்தியது. சீருடை, புத்தகம், கட்டணம் என்று எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும்போது கையில் மொத்தமாகப் பணம் இருப்பது எப்படிப்பட்டது என்பது பிள்ளை படிக்கவைக்கும் எவருக்கும் தெரியும்.

அதே சோதனையில் கசப்பான ஒன்றும் வெளிப்பட்டது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் தேர்வானால், தேர்வாகாத உடன்பிறப்பின் வருகை குறைந்தது. வேலை அந்தப் பிள்ளை தலையில் ஏறியிருக்கும். பிள்ளைவாரியாகக் குலுக்காமல் வீடுவாரியாக எடுப்பதே நல்லது.

கேள்வி: பிள்ளை பள்ளிக்கு வந்ததா இல்லையா என்பதை நடைமுறையில் யார், எப்படிச் சரிபார்க்கிறார்கள்? எங்கே கோளாறு வரும்?

இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

வழக்கமான ஓட்டம் இப்படி: நிர்வாகம் பயனாளிப் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளிக்கு அனுப்பும். ஆசிரியர் வருகையைக் குறிப்பார். பள்ளி அதைத் திருப்பி அனுப்பும். கணினியில் ஏற்றுவார்கள். தவறியவர்களைப் பிரித்த பிறகு பணப் பட்டியல் வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ போகும்.

முதல் கோளாறு தாமதம். ஜனவரி, பிப்ரவரி வருகையை மார்ச்சில் திரட்டி, ஏப்ரலில் சரிபார்த்தால் பணம் மே மாதம்தான் வரும். மே மாதம் பணம் குறைந்தால், அது ஜனவரியில் பிள்ளை வராததற்காக என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? காரணம் தெரியாத தண்டனையால் யாரும் திருந்த மாட்டார்கள். பணக் குறைப்போடு எந்தப் பிள்ளை, எந்த மாதம், எத்தனை நாள் என்ற விவரம் குறுஞ்செய்தியாகவோ ரசீதாகவோ போயாக வேண்டும்.

இரண்டாவது, அளக்கும் காலம். 85 சதவீத வருகை என்பது பல நாடுகளில் உள்ள விதி. மாதத்தில் 20 பள்ளி நாள் என்றால் மூன்று நாள் வராமல் இருக்கலாம். நான்காவது நாள் விடுப்பில் தவறிவிடும். காய்ச்சலில் ஐந்து நாள் படுத்த பிள்ளைக்கு அந்த மாதம் 20க்கு 15, அதாவது 75 சதவீதம், பணம் போச்சு. அதையே இரண்டு மாதமாகச் சேர்த்து அளந்தால் 40க்கு 35, 87.5 சதவீதம்; பிள்ளை தேறிவிடும். அதே பிள்ளை, அதே காய்ச்சல். விதியில் ஒரு வரியை மாற்றினால் நூற்றுக்கணக்கான முறையீடுகள் குறையும். மருத்துவச் சான்று கொண்டுவரச் சொல்லலாமே என்பார்கள். அதை வாங்க ஒரு நாள் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் இழக்க வேண்டிய வீடுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, ஆசிரியர். இல்லை என்று எழுதினால் அந்த வீட்டுக்குப் பணம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மனம் இளகியோ, ஊர்ப் பகைக்கு அஞ்சியோ ‘வந்தான்’ என்று போட்டுவிடுவார். இதை ஆசிரியரைத் திட்டித் தீர்க்க முடியாது. பணம் உடனே நிற்காது, முதலில் விசாரிக்கத்தான் போவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் உள்ளதை எழுதுவார்.

நான்காவது, பள்ளியே இயங்காதது. ஆசிரியர் இல்லை, வெள்ளம், கட்டடம் இடிந்தது என்றால் அந்த ஊரின் பயனாளிகள் அத்தனை பேரும் ‘தவறியவர்கள்’ ஆகிவிடுவார்கள். சேவை இல்லாத இடத்தில் நிபந்தனை தானாகவே நிறுத்திவைக்கப்படும் என்று விதியிலேயே எழுதியிருக்க வேண்டும். மருந்தகத்தில் தடுப்பூசி தீர்ந்துபோனதற்குத் தாய்க்கு அபராதம் போடுவதா?

கேள்வி: தவறியவருக்கு உடனே நிறுத்தினால்தானே பயம் இருக்கும்?

பிரேசில் எடுத்த வழியைப் பாருங்கள். 2003இல் நான்கு பழைய உதவிகளை ஒன்றாக்கி ‘போல்சா ஃபமிலியா’ தொடங்கியது. அங்கே முதல் தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டுமே, பணம் குறையாது. அடுத்த முறை அந்த மாதப் பணம் முடக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்படும். அதற்கும் அடுத்த படியில் இரண்டு மாதப் பணம் நிற்கும். ரத்து என்பது கடைசிப் படி. இடையில் சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போவார். பள்ளியும் பிள்ளை வராததற்கு என்ன காரணம் என்று பதிய வேண்டும்.

ஏன் இவ்வளவு பொறுமை? திரும்பத் திரும்பத் தவறும் வீடு பெரும்பாலும் சோம்பேறி வீடு அல்ல. அம்மா படுக்கையில் இருப்பார், அல்லது மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் வேலை தேடி வீட்டோடு இடம்பெயர்ந்திருப்பார்கள். பட்டியலில் முதலாவதாக உதவி தேவைப்படும் வீட்டையே முதலாவதாக நீக்கும் திட்டமாக ஆகிவிடக் கூடாது. தவறிய வருகை என்பது ‘இந்த வீட்டைப் போய்ப் பார்’ என்று நிர்வாகத்துக்கு வரும் தகவல். அதைத் தண்டனைப் பட்டியலாக மட்டும் படிப்பது கிடைத்த தகவலை வீணடிப்பது.

கேள்வி: தகுதியானவர் வெளியே, வசதியானவர் உள்ளே என்ற புகார் எங்கும் இருக்கிறதே. ஏழையை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வருமானம் கேட்டு எழுத முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரிவதைக் கேட்கிறார்கள்: கூரை எதனால் ஆனது, தரை எப்படி, வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, குடும்பத் தலைவர் எதுவரை படித்தார், என்ன சாமான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டினால் வரும் எண் வரம்புக்குக் கீழே இருந்தால் வீடு பட்டியலில் சேரும்.

இதில் பிழை இருந்தே தீரும். உதாரணத்துக்கு, 100 வீட்டில் 30 வீடு ஏழை, 30 பேருக்குத்தான் பணம். மதிப்பெண் முறை அந்த 30இல் 20 பேரைச் சரியாகப் பிடித்தது என்றால், பத்து ஏழை வீடு வெளியே, பத்து வசதி வீடு உள்ளே. வரம்பு 40 மதிப்பெண் என்றால் 39 வாங்கியவருக்குப் பணம், 41 வாங்கிய பக்கத்து வீட்டுக்கு இல்லை. இரு வீட்டுக்கும் வாழ்க்கையில் வேறுபாடே இருக்காது. போன ஆண்டு வேலை போனவரின் வீட்டுத் தரை இன்னும் சிமென்ட் தரைதான், எனவே மதிப்பெண் அவரை வசதிக்காரர் என்றே சொல்லும்.

ஊர் கூடித் தீர்மானிக்கட்டும் என்பது மாற்று வழி. இந்தோனேசியாவில் 640 ஊர்களில் இரண்டையும் சோதித்தார்கள். வீட்டுச் செலவுக் கணக்கை வைத்து ஏழையைப் பிடிப்பதில் மதிப்பெண் முறை கொஞ்சம் மேல். ஆனால் ஊர்க் கூட்டத்தில் எடுத்த பட்டியலில் மக்களுக்கு மனநிறைவு அதிகம், புகார் குறைவு. எங்களைக் கேட்டால், மதிப்பெண்ணை வைத்து வரைவுப் பட்டியல் எடுத்து, அதைப் பொது இடத்தில் ஒட்டி, முறையீட்டுக்கு நாள் கொடுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மறு கணக்கெடுப்பு நடத்த வேண்டும். முறையீட்டை விசாரிப்பவர் பட்டியல் போட்டவராக இருக்கக் கூடாது. இல்லையென்றால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்.

கேள்வி: பணத்தை ஏன் தாயின் பெயரிலேயே தருகிறார்கள்?

தாயின் கைக்குப் போனால் பிள்ளைகளுக்குச் செலவாகும் என்ற எதிர்பார்ப்பு. மெக்சிகோ முதல் பல நாடுகள் அப்படித்தான் செய்தன. ஆனால் மொராக்கோவில் தாய்க்குக் கொடுத்த வீட்டையும் தந்தைக்குக் கொடுத்த வீட்டையும் ஒப்பிட்டபோது பிள்ளைகளின் படிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. எனவே இதைச் சூத்திரமாக்க வேண்டாம். தாயின் கணக்கில் பணம் போடுவது நல்லது என்பதற்கு வேறு காரணம் உண்டு: அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு கணக்கும் ஓர் அடையாளமும் உருவாகிறது.

விலையும் உண்டு. மருந்தகம், விழிப்புணர்வுக் கூட்டம், பணம் வாங்கும் வரிசை என்று எல்லாம் அவர் நேரத்தில்தான் கைவைக்கிறது. மெக்சிகோவில் ஊர்த் தாய்மார்களில் ஒருவரே சம்பளமில்லாமல் மற்றவர்களை ஒருங்கிணைத்தார். நிபந்தனைகளை அடுக்கும்போது ஒரு தாய்க்கு மாதத்தில் எத்தனை மணி நேரம் போகும் என்று கூட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

கேள்வி: நிபந்தனையே இல்லாமல், ‘இது பிள்ளை படிப்புக்கு’ என்று சொல்லிக் கொடுத்தால்?

மொராக்கோ அதையே செய்து பார்த்தது. கல்வி உதவி என்ற பெயரோடு, வருகையைச் சோதிக்காமல் கொடுத்த ஊர்களிலும் இடைநிற்றல் நன்றாகவே குறைந்தது. சோதித்துக் கொடுத்த ஊர்கள் அதைவிட மேலாக வரவில்லை. ஈக்வடாரிலும் நிபந்தனை காகிதத்தில்தான் இருந்தது. ஆனாலும் நிபந்தனை உண்டு என்று நம்பிய வீடுகளில் சேர்க்கை கூடுதலாக இருந்தது.

மறுபக்கத்தில் மலாவி இருக்கிறது. பதின்ம வயதுப் பெண்களில் ஒரு குழுவுக்கு நிபந்தனையோடும் இன்னொரு குழுவுக்கு இல்லாமலும் கொடுத்தார்கள். படிப்பில் நிபந்தனைக் குழு முந்தியது. இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் நிபந்தனையில்லாக் குழுவில் குறைந்தன. காரணம் எளிது. படிப்பை விட்ட பெண்ணுக்கும் அங்கே பணம் தொடர்ந்தது. நிபந்தனைக் குழுவில் அந்தப் பெண்ணுக்குத் தேவை அதிகமான நேரத்தில் பணம் நின்றது. ஆனால் உதவி முடிந்த பிறகு அந்த நற்பலன் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வரி கட்டுபவர்களைச் சம்மதிக்கவைக்கும் அரசியலுக்கும் நிபந்தனை உதவுகிறது. அதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: பள்ளிக்கு வந்துவிட்டால் படிப்பு வந்துவிடுமா?

வராது. கம்போடியாவில் வருகை உயர்ந்தது; தேர்வில் உதவி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே எழுதினார்கள். இந்தியாவில் 2005இல் வந்த, மருத்துவமனையில் பிரசவிக்கும் பெண்களுக்குப் பணம் தரும் ஜனனி சுரக்ஷா யோஜனா திட்டத்தால் மருத்துவமனைப் பிரசவம் வேகமாகப் பெருகியது. ஆனால் அதே வேகத்தில் தாய் இறப்பு குறைந்தது என்று ஆய்வுகளால் நிறுவ முடியவில்லை. பணம் ஆளை வாசல்வரை கூட்டிவரும். உள்ளே ஆசிரியரும் மருத்துவரும் மருந்தும் இருக்க வேண்டியது தனிச் செலவு. ஆள் வரத்து கூடும்போது அந்த ஒதுக்கீட்டையும் கூட்டாவிட்டால் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்களுக்கும் சேவை மெலியும்.

கேள்வி: ஒரு குடும்பம் எப்போது வெளியேற வேண்டும்?

வருமானம் கோட்டைத் தொட்ட மறுநாளே நிறுத்தினால், முறையான வேலையில் சேரவே பயப்படுவார்கள். மூன்று மாதத்தில் அந்த வேலை போய்விட்டால் பழைய பட்டியலில் மறுபடி இடம் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். பிலிப்பைன்ஸ் 2019இல் இயற்றிய சட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு என்று வரம்பு வைத்தது. வரம்பு தெளிவாக இருப்பது நல்லது, ஆனால் ஏழாவது ஆண்டில் மூத்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருந்தால் சிக்கல்தான். பிரேசிலில் வருமானம் வரம்பைத் தாண்டிய குடும்பத்துக்கு ஒரு குறிப்பிட்ட காலம்வரை பாதித் தொகை தொடரும். மீண்டும் வருமானம் விழுந்தால் திரும்பச் சேர முன்னுரிமை உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிரேசில் விதியைத்தான் எடுப்போம். அதற்கு வீட்டு விவரங்களைப் புதுப்பிக்கும் பதிவேடு ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். பிரேசில் அந்த ஒற்றைப் பதிவேட்டைத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே, 2001இல், உருவாக்கிவிட்டது.